அண்ணன் பஸ் இழுத்த நாள்

எங்கள் வீட்டில் யாரும் அண்ணனின் உடம்பைப் புகழக்கூடாது. "என்னா ஒடம்பு தம்பி!" என்று யாராவது வாயைத் திறந்தால் அம்மா உடனே அவனுக்கு ஒரு வேலை சொல்லி உள்ளே அனுப்பிவிடுவாள். கண்ணூறு பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என்றுதான் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவுக்கு இருந்த பயம் வேறு. அவள் ஏற்கெனவே இரண்டு பலசாலிகளைப் புதைத்திருந்தாள்.

அப்பா கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற மூட்டையை ஒற்றை ஆளாக லொறியில் ஏற்றுவாராம். ஒரு காலையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். சில வருஷம் கழித்து அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, வொலிபோல் விளையாடிவிட்டு பீலியில் குளிக்கப் போனார். தண்ணீர் கொட்டக் கொட்ட அதற்குக் கீழேயே கிடந்தார். இருவருக்கும் நாற்பது வயது ஆகவில்லை. ஒருவருக்கு மாரடைப்பு என்றார்கள். மற்றவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுப் போனார் என்றார்கள். கோயில் மரத்தை வெட்டியதால் வந்த வினை என்றும் ஒரு பேச்சு இருந்தது. அம்மா எதையும் நம்பவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. அண்ணனின் தோள் அகல அகல அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு கண்டிக்கு வந்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் மொத்தமாக விற்கிற கடையொன்றில் சேர்ந்தான். தம்புள்ளையிலிருந்து வரும் லொறிகளை இறக்குவதுதான் வேலை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஜிம் வைத்திருந்தவர் அவன் மூட்டை தூக்குவதை ஜன்னலிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறார். அவர் முஸ்லிம், ஒரு காலத்தில் பளு தூக்கினவர். மூத்தவரைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் அவர் நானா. ஒரு நாள் கீழே இறங்கி வந்து, "தம்பி, இந்த முதுக வெங்காயத்துக்கு மட்டும் குடுக்க வாணாம். மேல வாங்க," என்று கூட்டிப் போனார்.

மேலே அண்ணனுக்குப் புது உலகம் ஒன்று கிடைத்தது. இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்ப வேண்டும், மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ள வேண்டும், தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் இழுக்க வேண்டும். பவர்லிஃப்டிங் என்றால் இந்த மூன்றும்தான். மாகாணப் போட்டியில் முதல் தடவையே மெடல் வாங்கினான். பிறகு கொழும்பில் நடந்த தேசியப் போட்டியிலும் வாங்கினான். கலஹா பஸ்ஸில் கண்டக்டர்கள் அவனிடம் டிக்கட் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மெடல்களை அம்மா அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். சுவரில் மாட்ட விடவில்லை.

எனக்கு டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தபோது அண்ணனும் நானும் ஹந்தானைப் பக்கம், மேட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டோம். கடை முடிந்து நான் ஜிம்முக்குப் போய் ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன், அவனோடு சேர்ந்து வீட்டுக்குப் போக. எத்தனை நாளைக்குத்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? ஒரு நாள் வெறும் பாரைத் தூக்கிப் பார்த்தேன். நானா என் பின்னால் வந்து நின்று, "அண்ணன்ட முதுகுதான் தங்கச்சிக்கும் ஈக்கி," என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நானும் பழகி, போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது அந்த வாக்கியத்தை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அண்ணனிடம் முதலில் நான் கவனித்தது ஏற்றத்தில்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் அறைக்கு ஏறுகிற ஒழுங்கைப் பாதை செங்குத்தாக இருக்கும். அந்த வருஷம் மழைக்காலத்தில் அவன் ஒரு வளைவில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டினான். அடுத்த நாளும் அதே இடத்தில் நின்று கட்டினான். பிறகு போன் பார்ப்பதுபோல் நின்றான். கையில் பார்சலோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயசாளிகளும் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். முந்நூறு கிலோவைத் தரையிலிருந்து இழுக்கிறவன் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே தெரிகிற டவுனைப் பார்ப்பதுபோல் நின்றான்.

"என்னண்ணே, மூச்சு வாங்குதா?"

"கால் வலி. நேத்து ஸ்குவாட் கூடிப்போச்சு."

இந்த விளையாட்டில் அதுதான் கஷ்டம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். பெரிய பளு தூக்கினால் கண் இருட்டும், எல்லோருக்கும் இருட்டும். மூக்கில் ரத்தம் வரும், அதைத் துடைத்துவிட்டு படம் எடுத்துப் போடுவார்கள். ஒரு தடவை அண்ணன் டெட்லிஃப்ட் இழுத்து முடித்து பாரைக் கீழே வைத்துவிட்டு, நின்ற நிலையிலேயே பின்னால் சாய்ந்தான். மூன்று பேர் தாங்கிப் பிடித்தார்கள். கண் திறந்ததும் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் போக ரொம்ப நேரம் எடுத்தது.

அன்று நான் நானாவிடம் போய் எங்கள் அப்பாவைப் பற்றியும் சித்தப்பாவைப் பற்றியும் சொன்னேன். அண்ணன் அதுவரைக்கும் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. நானா முழுவதையும் கேட்டார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "தம்பி, டொக்டருக்கு நெஞ்சக் காட்டி ஒரு கடுதாசி கொண்டு வாங்க. அது இல்லாம இங்க பாரத் தொட வாணாம்," என்றார்.

வீட்டுக்கு வரும்போது அண்ணன் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான். மேட்டில் நின்று நின்று ஏறினான். அறைக்குள் வந்ததும்தான் வெடித்தான்.

"செத்தவங்கள எதுக்கு ஜிம்முக்குள்ள இழுத்துட்டு வந்த?"

"நீ சாகக்கூடாதுன்னுதான்."

"வாயக் கழுவு."

ஆனாலும் போனான். ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். அங்கிருந்த டொக்டர் அந்தக் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தாராம். "விளையாட்டுக்காரங்களுக்கு இப்படியும் வரும். வேற மாதிரியும் இருக்கலாம். எக்கோ எடுத்தாத்தான் சொல்லலாம். அதுவரைக்கும் பாரம் தூக்க வேணாம்," என்று எழுதிக் கொடுத்தார். எக்கோ என்கிற அந்த நெஞ்சு ஸ்கேனுக்கு நாள் கிடைத்தது சித்திரைப் புது வருஷம் கழிந்து. அண்ணன் காதில் விழுந்தது "விளையாட்டுக்காரங்களுக்கு இப்படியும் வரும்" என்ற பாதி மட்டும்தான்.

நானா அவனைப் பாரைத் தொட விடவில்லை. ஆனால் சித்திரையில் தெல்தெனியவில் புது வருஷ விழாவுக்கு ஸ்ட்ரோங்மேன் போட்டி ஒன்று வைத்தார்கள். டயர் புரட்டுவது, கல் தூக்குவது, கடைசியில் பஸ் இழுப்பது. அதற்கு ஜிம் பெயர் தேவையில்லை, யாரும் கடிதம் கேட்கவும் இல்லை. அண்ணன் தானாகவே பெயர் கொடுத்துவிட்டான். எனக்குத் தெரிய வந்தபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா அவனோடு என்ன பேசினாள் என்று தெரியாது. பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள், "நீ கூடப் போ. அவன விட்டு ஒரு அடி நகராத." அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றி, தண்ணீருக்குள் போன பழைய தெல்தெனியவின் சுவர்கள் சேறு பூசிக்கொண்டு வெளியே நின்றன. சனம் அங்கே இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ரபான் மேளச் சத்தம், பலகாரம், பலூன், கயிறிழுப்பு. நான் அண்ணனுக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். டயர் புரட்டினான். கல்லைத் தூக்கி மேடைமேல் வைத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் உதட்டைத்தான் பார்த்தேன். ஒன்றுமில்லை. நல்ல சிவப்பாகவே இருந்தது.

பஸ் பழைய லேலண்ட். தோளில் வாரைப் போட்டு, முன்னால் கட்டிய கயிற்றைக் கையால் பிடித்து, கிட்டத்தட்ட தரையில் படுத்த மாதிரி சாய்ந்தான். முதலில் அசையவில்லை. கூட்டம் கத்தியது. அவன் கழுத்து நரம்பு விரல் தடிப்புக்கு எழும்பியது. பஸ் ஒரு முனகலோடு நகர்ந்தது. நகர ஆரம்பித்த பிறகு அவன் நிறுத்தவே இல்லை. கோட்டைத் தாண்டியும் இழுத்தான். நடுவர் ஓடிப்போய்த் தடுக்க வேண்டி வந்தது.

அவன்தான் முதல். தலைக்குமேல் கையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடினான். என்னைக் கண்டதும், 'பார்த்தியா?' என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினான். நான் சிரித்தேன். மனசு லேசாகிவிட்டது. நடக்கப்போவது நடக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான், நான் பக்கத்தில். பஸ் நிரம்பி வழிந்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம்.

"தங்கச்சி, நானாவுக்கு ஒரு கோல் எடுத்துக் குடு. நானே சொல்றேன்," என்றான்.

நான் போனை எடுத்து நம்பரைத் தேடினேன். அவன் தலை என் தோளில் விழுந்தது. களைப்பு என்று நினைத்தேன். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மரம் அறுக்கும்போது வாள் சிக்கிக்கொள்கிற மாதிரி. கோப்பை உருண்டு காலடியில் விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனியவில்லை.

உதட்டைப் பார்த்தேன்.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கண்டக்டர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நங்கி, அய்யா நிதித?" என்று கேட்டார், அண்ணன் தூங்குகிறாரா என்று. நான் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே எழும்பிவிட்டேன். அந்த இருக்கையில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முதுகு தரையில் பட வேண்டும். இரண்டு ஆம்பிளைகள் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் அசையவில்லை. "தள்ளுங்க," என்றேன்.

முதுகுப் பக்கமாகக் கையை விட்டு, அவன் அக்குளுக்குக் கீழே என் மணிக்கட்டுகளைக் கோர்த்தேன். போட்டியில் நான் தூக்குகிற எடையைவிட அவன் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பாரில் பிடிக்க இடம் இருக்கும். உயிர் இல்லாத உடம்பில் பிடிக்க எந்த இடமும் இல்லை, எல்லாம் வழுக்கும், எல்லாம் தொங்கும். நானா சொல்லித் தந்தபடி முதுகை நிமிர்த்தி, காலால் தரையைத் தள்ளினேன். அண்ணன் மேலே வந்தான். திரும்பி, அவனை நடைபாதையில் கிடத்தினேன். அதற்குள் சனம் தானாக ஒதுங்கி இடம் விட்டிருந்தது.

ஜிம்மில் நானா ஒரு தடவை முதலுதவி ஆட்களைக் கூட்டி வந்து எல்லோருக்கும் நெஞ்சை அழுத்தப் பழக்கியிருந்தார். "எலும்பு முறியும். முறிஞ்சா பயந்து நிப்பாட்ட வாணாம்," என்று அன்று சொன்னார்கள். என் கைக்கு அடியில் அண்ணனின் விலா எலும்பு முறிந்தது. காய்ந்த சுள்ளியை மிதித்த மாதிரி இருந்தது. நான் நிறுத்தவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இஸ்பிரிதாலயட்ட!" என்று கத்தி, அந்த நெருக்கமான ரோட்டிலேயே பஸ்ஸைத் திருப்பினார். ஹோர்னில் இருந்து கையை எடுக்காமல் வந்த வழியே தெல்தெனிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வளைவுகளில் நான் அண்ணன்மேல் சாய்ந்து சாய்ந்து விழுந்தேன். யாரோ ஒரு அம்மா என் இடுப்பைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் பௌத்தப் பிரார்த்தனையான பிரித்தை ஓதிக்கொண்டே வந்தார். அவருடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கதவுக்கு வெளியே நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து கோப்பையை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு தாதி வெளியே வந்து, "துடிக்குது," என்று சிங்களத்தில் சொன்னாள். யாருடைய நெஞ்சைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

கண்டிக்கு மாற்றினார்கள். அண்ணன் கண் திறக்க நாட்கள் பிடித்தன. எக்கோவை அங்கேயே எடுத்தார்கள். இதயச் சுவர் தடித்துக்கொண்டே போகிற பரம்பரை நோய் என்று டொக்டர் விளக்கினார். பலசாலிகளுக்குத்தான் வரும் என்றில்லை, பலசாலிகளுக்கு அது தெரியாமல் ஒளிந்திருக்கும் என்றார். அம்மா அவரிடம் கேட்டது இதை மட்டும்தான்.

"அவங்க அப்பாவுக்கும் இதுதானா ஐயா?"

"இருக்கலாம் அம்மா."

"அவர் தம்பிக்கும்?"

அதற்கும் டொக்டர் ஆமென்று தலையாட்டினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இத்தனை வருஷம் பெயரில்லாமல் வீட்டுக்குள் இருந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் வந்தது.

வெளியில் வேறு கதை ஓடியது. அண்ணன் ஊசி போட்டுத்தான் உடம்பை வளர்த்தான், அதனால்தான் விழுந்தான் என்று போனில் எழுதினார்கள். பஸ் இழுக்கிற வீடியோவுக்குக் கீழேயே எழுதினார்கள். அவன் ஊசி போட்டதில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவன் நெஞ்சுத் தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மெஷினை வைத்தார்கள். இதயம் தவறினால் அது உள்ளேயே ஷொக் கொடுக்கும். இனி பாரம் தூக்கக்கூடாது. கடைக்காரர் அவனைக் கல்லாவில் உட்கார வைத்தார். தோள் வற்றியது. சட்டைகள் தொங்கின. வெங்காய லொறி வந்தால் அவன் எழும்பி உள்ளே போய்விடுவான்.

அடுத்தது என் முறை. கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இருட்டு அறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். குளிர்ந்த களிம்பு, விலாவில் அழுத்தும் கருவி, திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ மூடித் திறந்துகொண்டிருந்தது. படம் எடுத்த பெண் முதலில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே இடத்தில் கருவியைத் திருப்பித் திருப்பி அழுத்தினாள்.

என் சுவரும் கொஞ்சம் தடிப்பு. ஆனால் எல்லையில் நிற்கிறது. பளு தூக்கியதால் தடித்ததா, ரத்தத்திலேயே வந்ததா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். "கொஞ்ச மாசம் எதையும் தூக்காதீங்க. அப்புறம் பார்ப்போம். சுருங்கினா விளையாட்டு. சுருங்கலன்னா..."

அந்த மாசங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. துணிக்கடையில் சேலை மடிப்பேன். மேலே தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்க வேறொரு பிள்ளையைக் கூப்பிடுவேன். என் தோளும் தொடையும் இறங்கின, கண்ணாடியில் தெரிந்தது. உள்ளே இருப்பதும் சேர்ந்து இறங்குகிறதா என்று மட்டும் தெரியவில்லை. நான் மெலிவதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். அவளுக்கு மெலிவு என்றால் உயிர்.

சுருங்கவில்லை.

டொக்டர் அதைச் சொன்னபோது நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் குழாயில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போதைக்கு மெஷின் வேண்டாமாம். மாத்திரை, வருஷா வருஷம் படம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலோ, கண் இருட்டினாலோ உடனே வர வேண்டும். நானாவிடம் போய்ச் சொன்னேன். பாரம் தூக்கும்போது நான் இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை அவர் ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், நல்ல மழை. அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணிக்கு அடுப்பு பற்ற வைத்தேன். திரும்புவதற்குள் அவன் கட்டிலிலிருந்து ஒரு முழம் எழும்பி விழுந்தான். கடலை அறை முழுக்கச் சிதறியது. மெஷின் அடித்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன், கைகள் தானாக ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றன. அவன் கண் திறந்திருந்தது. என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம். வந்துட்டேன்," என்றான்.

ஆஸ்பத்திரியில் மெஷினைப் பார்த்துவிட்டு, அது சரியாக வேலை செய்திருக்கிறது, நல்ல செய்தி என்றார்கள். திரும்பி வரும்போது த்ரீவீலரை வாசல் வரைக்கும் வரச் சொன்னேன். அறைக்கு வந்து, சிதறிய கடலையைக் கூட்டி அள்ளிவிட்டு மறுபடி தண்ணீர் கொதிக்க வைத்தேன். அண்ணன் நெஞ்சில் மேடாகத் தெரிகிற இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஒன்னுமே தூக்கலையே தங்கச்சி. சும்மாதான ஒக்காந்திருந்தேன்."

"தெரியும்."

"உனக்கும் இத வைப்பாங்களா?"

"இப்ப வேணாமாம்."

"அப்புறம்?"

"வருஷா வருஷம் பார்ப்பாங்களாம்."

அவன் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கீழே ரோட்டில் கலஹா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது.

"அம்மாவுக்கு இன்னைக்கு நடந்தத சொல்லாத," என்றான்.

அம்மா ஏற்கெனவே போன் எடுத்திருந்தாள். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. ஏனென்று தெரியவில்லை, மனசு சரியில்லை, பிள்ளைகள் ரெண்டு பேரும் நல்லா இருக்கிறீங்களா என்று கேட்டாள். இருக்கிறோம் என்று சொல்லியிருந்தேன்.